ஆரஞ்சு பிளக்கைப் பிடுங்கிய பிறகும்: ஒரு ஹைபிரிட் பேட்டரி பேக்கைக் கழற்றி மாட்டிய நிகழ்வு ஆய்வு

பத்து வருஷம் தாண்டிய ஒரு ஹைபிரிட் காரை லாரி மேல் ஏற்றி வந்து இறக்கினார்கள். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, வண்டி ஓடத் தயார் என்று சொல்லும் ரெடி விளக்கு மட்டும் வரவில்லை. கொண்டு வந்தவர் முதலில் சொன்னது இது: "பின்னாடி ஆரஞ்சு பிளக்கை உருவிப் பார்த்தோம். பேட்டரி செத்துப்போச்சு, இனி பயப்படாம கை வைக்கலாம்."

ஆரஞ்சு பிளக் என்பது பழுது பார்க்கும்போது பேக்கின் மின் தொடரைத் துண்டிக்க உருவும் பாதுகாப்புப் பிளக். செத்துப்போன பேட்டரி என்று யாராவது சொன்னால் நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துதான் அடுத்த பேச்சைக் கேட்பேன். அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கக் காரணமும் அந்தப் பேச்சுதான்.

பேக் பற்றி முதலில் நாலு வரி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒரு மாட்யூலுக்குள் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, ஆக 7.2 வோல்ட். அப்படி 28 மாட்யூல்கள் வரிசையாக இணைந்து பெயரளவில் 201.6 வோல்ட். புதிதாக இருந்தபோது கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. பேட்டரி கணினி ஒவ்வொரு மாட்யூலையும் தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகத்தான் அளக்கிறது. மின்வாகனங்களுக்கான ஐ.நா.வின் ஆர்100 விதிப்படி நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே அது உயர் மின்னழுத்தம். இங்கே இருப்பது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

ரெடி வராததற்கான காரணம்

ஸ்கேனரைப் போட்டதும் மூன்று கோளாறுக் குறிகள் வந்தன: பி0ஏ0டி, பி0ஏ80, பி3017. முதலாவது இன்டர்லாக் சுற்று, அதாவது உயர் மின்னழுத்த இணைப்புகள் ஒழுங்காக மாட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் சுற்று, திறந்திருக்கிறது என்பதைச் சொல்வது. இரண்டாவது பேக் கெட்டுவிட்டது என்ற பொதுவான புகார். மூன்றாவது இந்த வகை வண்டியில் ஏழாவது பிளாக் வலுவிழந்ததைக் குறிக்கும்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு பிளக் அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் கைப்பிடி மாட்டுவதில் மூன்று அசைவுகள் உண்டு. உள்ளே செருக வேண்டும், கைப்பிடியை நிமிர்த்த வேண்டும், கடைசியாக அதைக் கீழ்நோக்கித் தள்ளி 'டக்' என்று உட்கார வைக்க வேண்டும். பிரித்துப் பார்த்தவர் இரண்டு அசைவோடு விட்டுவிட்டார். அந்தக் கடைசித் தள்ளலில்தான் உள்ளே இருக்கும் சின்ன இன்டர்லாக் முனைகள் ஒட்டும். அவை ஒட்டாமல், பேக்கை வண்டியோடு இணைக்கும் மெயின் ரிலேக்கள் மூடாது, ரெடியும் வராது. தள்ளினேன், குறியை அழித்தேன், வண்டி ரெடிக்கு வந்துவிட்டது. இதோடு பேக் மாற்ற வேண்டும் என்று முடிவுகட்டி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஏழாவது பிளாக் பொய் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மற்ற 13 பிளாக்குகளும் 14 வோல்ட்டுக்கு மேலே நின்றன, ஏழு மட்டும் 12-க்குக் கீழே சரிந்தது. காலை எடுத்து சார்ஜ் ஏறும்போது மற்றவற்றை முந்திக்கொண்டு மேலே பாய்ந்தது. கொள்ளளவு குறைந்த செல்லுக்கு இதுதான் அடையாளம்: சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். சரி, கழற்றித்தான் ஆக வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் போனது. பார்ப்பவருக்கு ஒரு வேலையும் நடக்காதது போலத்தான் இருக்கும்.

சாவியை வண்டியை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தோம். பட்டனை அழுத்தினால் உயிர்பெறும் வண்டி இது. சாவி பாக்கெட்டில் இருந்தால் வண்டிக்குள் இருப்பதாகவே அர்த்தம். அடுத்து 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள். இது போனதும் பேக்கின் மெயின் ரிலேக்கள் திறந்தே கிடக்கும், தப்பித் தவறிக்கூட மூட முடியாது. இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை: இப்படிப்பட்ட வண்டிகளில் பின்கதவின் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. 12 வோல்ட்டைக் கழற்றிவிட்டு வழக்கம்போலக் கதவை அறைந்து சாத்தினால், பேட்டரியும் உங்கள் ஸ்பேனரும் உள்ளே, நீங்கள் வெளியே. நான் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன்.

பிறகு கையுறை. ரப்பரால் ஆன 0 வகுப்பு, 1,000 வோல்ட் மாறுமின்சாரம் வரை தாங்கும் என்று முத்திரை போட்டது. அதன் மேலே தோல் உறை. பரிசோதனைத் தேதியும் சரியாக இருந்தது, பார்வைக்கு ஒரு கீறலும் இல்லை. கூட வேலை செய்யும் பையன் அதைக் கையில் மாட்டப் போனான்.

"தம்பி, காற்றுப் பிடிச்சுப் பார்த்தியா?"

"நேத்து பார்த்தேன் அண்ணே."

வாங்கிக் கொண்டேன். மணிக்கட்டுப் பக்கத்தை இழுத்து இறுக்கிச் சுருட்டினால் உள்ளே காற்று அடைபட்டு விரல்கள் உப்பும். அப்படியே அமுக்கிக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனேன். இடது கையுறையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, ஊசி முனை அளவுக்கு ஒரு குளிர்ச்சி. சத்தம்கூட இல்லை. விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை. காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்த ஜோடியை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தோம். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதைச் செய்ய வேண்டும், நேற்றைய சோதனை நேற்றோடு போச்சு.

மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பையில் இருக்கும் பேனா எல்லாம் வெளியே. நான் கை வைக்கும்போது பையன் கை வைக்கக்கூடாது. தள்ளி நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் காய்ந்த மரக்கொம்பு ஒன்று. மின்சாரம் பிடித்துக்கொண்டால் என்னைக் கையால் இழுக்கக்கூடாது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

கையுறையோடு பிளக்கை உருவி என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மேஜை மேல் வைத்தால் நல்ல எண்ணத்தோடு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். அது இருந்த ஓட்டையை மின்காப்பு டேப்பால் மூடியாயிற்று. அதிலிருந்து பத்து நிமிஷம் காத்திருப்பு. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் தங்கள் சார்ஜை இழக்க அந்த நேரம் வேண்டும்.

பத்து நிமிஷம் ஆனதும் அளக்க வேண்டும். கடிகாரம் காட்டும் பத்து நிமிஷத்தை வைத்து மின்னழுத்தம் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீட்டரின் கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் அது பூஜ்ஜியம்தான் காட்டும். அதனால் முதலில் தெரிந்த மின்னழுத்தம் ஒன்றை அளக்க வேண்டும். நாங்கள் கேபிள் கழற்றிய அந்த 12 வோல்ட் பேட்டரியையே அளந்தோம், 12.5. அப்புறம் உயர் மின்னழுத்தக் கேபிளின் இரண்டு முனைகளுக்கு நடுவே: 0.2. பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும்: 0. நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும்: 0. மறுபடி அதே 12 வோல்ட் பேட்டரி, மறுபடி 12.5. கடைசி அளவு சரியாக வந்த பிறகுதான் நடுவில் வந்த பூஜ்ஜியங்களை நம்பலாம். மீட்டரும் அதன் கம்பிகளும் 1,000 வோல்ட், கேட் 3 என்ற பாதுகாப்புத் தரத்தில் இருந்தவை.

கழற்றுதல்

வண்டியிலிருந்து பேக்கை வெளியே எடுப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் வேலை. டிரிம், காற்றுக் குழாய், விசிறி, கணினிக் கனெக்டர், ஆரஞ்சுக் கேபிள்கள். கேபிளின் ஒவ்வொரு முனையையும் கழற்றியவுடன் டேப்பால் சுற்றினோம். எடை ஏறத்தாழ 40 கிலோ. அதற்கே இரண்டு பேர் வேண்டும், அதோடு குனிந்து தூக்குகிற கோணம் முதுகுக்கு ஆகாது. விசிறியைத் திறந்ததும் கதை பாதி புரிந்தது. இதழ்களுக்கு இடையே தூசியும் முடியும் கம்பளிபோல அடைந்திருந்தன. பின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று வழியைத் துணிப் பையால் மறைத்து வைத்திருந்தது பிறகு தெரிந்தது.

மேஜைக்கு வந்த பேக்கைத் திறக்கும்போது பையன் கையுறையைக் கழற்றப் போனான். பிளக்கை உருவியாயிற்று, பூஜ்ஜியமும் அளந்தாயிற்று, இனி என்ன என்ற நினைப்பு. வண்டி கொண்டு வந்தவரின் நினைப்பும் இதுதான்.

நாங்கள் பூஜ்ஜியம் அளந்தது பேக்குக்கு வெளியே போகும் கேபிளில். பேக்குக்குள் எதுவும் குறையவில்லை. பிளக் செய்வது ஒன்றுதான், மாட்யூல் தொடரை ஒரு இடத்தில் அறுக்கிறது. சரிபாதியாக அறுத்தாலும் துண்டுக்கு 100 வோல்ட். சமமில்லாமல் அறுத்தால் பெரிய துண்டில் இன்னும் அதிகம். அதற்கு சுவிட்ச் கிடையாது. வேதியியலை யாரும் அணைக்க முடியாது. நேர்மின்சாரம் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு: மாறுமின்சாரம் நொடிக்குப் பல தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வரும், அந்த இடைவெளியில் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. இது தொடாது. ஸ்பேனர் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஆர்க் பிடித்து உலோகத்தை உருக்கும்.

ஆகவே மேஜையில் செய்யும் முதல் வேலை அந்த 100 வோல்ட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்குவது. இந்தப் பேக்கில் மாட்யூலின் ஒரு நுனி பாசிட்டிவ், மறு நுனி நெகட்டிவ். ஒவ்வொன்றும் முந்தையதற்கு எதிர்த் திசையில் அடுக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும், மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளான பஸ்பார்களைத் தாங்கிய நீளமான பிளாஸ்டிக் சட்டம். ஒரு பக்கத்தை ரப்பர் விரிப்பால் முழுக்க மூடிவிட்டு, மறு பக்கத்து நட்டுகளைக் காப்பிட்ட சாக்கெட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அந்தச் சட்டத்தைத் தூக்கிய நிமிஷத்தில் 201 வோல்ட் பேக் என்பது இல்லாமல் போகிறது. இரண்டிரண்டு மாட்யூல் சேர்ந்த 16 வோல்ட் ஜோடிகள்தான் மிச்சம். கையுறையைக் கழற்றலாமா என்று யோசிக்க வேண்டிய நேரம் அதுதான், அதற்கு முன் இல்லை. அதன் பிறகும் ஒரு மாட்யூலை ஷார்ட் செய்தால் கை வெந்துபோகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும் என்பது வேறு விஷயம்.

கெட்டது எது

செம்புப் பஸ்பார்கள் பல இடங்களில் பச்சை பூத்திருந்தன. இப்படி இருந்தால் அளவீட்டுக் கம்பியின் இணைப்பு கெட்டு, நல்ல மாட்யூலைக்கூடக் கணினி கெட்டது என்று சொல்லலாம். அதனால் மாட்யூல் முனையிலேயே மீட்டரை வைத்து 28-ஐயும் அளந்தோம். 27 மாட்யூல்கள் 7.8-ஐ ஒட்டி நின்றன. பதிமூன்றாம் எண் 6.5. குறைந்தது ஏறக்குறைய ஒரு செல்லின் அளவு, ஆக ஆறில் ஒன்று செத்திருக்கிறது. ஏழாவது பிளாக் என்பது 13-ம் 14-ம்தான். கணக்கு பொருந்தியது.

ஓய்வில் நல்ல அளவு காட்டுபவையும் சுமையில் படுத்துவிடலாம். 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு நிமிஷம் எரிய விட்டு, கடைசியில் நின்ற வோல்ட்டைக் குறித்தோம். 14-ஆம் மாட்யூல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மற்றவற்றை விட அரை வோல்ட் கூடுதலாகச் சரிந்தது. செத்த செல்லோடு ஒட்டிக் கிடந்து சூட்டை வாங்கியிருக்கிறது. இரண்டையும் ஒதுக்கினோம். ஓரத்து மாட்யூல்கள் சூட்டை வெளியே விடும், நடுவில் இருப்பவைக்குப் போக்கிடம் இல்லை. விசிறி அடைத்த பேக்கில் நடு மாட்யூல் முதலில் போவது வாடிக்கை.

பதிமூன்றின் முனையைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து வைத்ததும் நீலமாக மாறியது: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, போரிக் அமிலக் கரைசலால் துடைத்தோம். 20 லிட்டர் தண்ணீருக்கு 800 கிராம் என்ற விகிதம். எங்களுக்கு அரை லிட்டருக்கு 20 கிராம் போதுமானதாக இருந்தது. தாள் நிறம் மாறாத நிலை வரும் வரை துடைக்க வேண்டும். கசிவு உலோகப் பெட்டியைத் தொட்டால் பேக்குக்கும் பாடிக்கும் இடையே மின்கசிவு வழி உண்டாகும். ஆர்100 நேர்மின்சாரத்துக்கு வோல்ட்டுக்கு 100 ஓம் கேட்கிறது, இந்தப் பேக்குக்குச் சுமார் 20,000 ஓம். அது கடைசி எல்லை. நல்ல பேக் அதைவிட மிக உயரத்தில் நிற்கும்.

மாற்று மாட்யூல்கள் பற்றி என் கருத்து: புத்தம் புதிதாக இரண்டை வாங்கிப் பழைய 26-க்கு நடுவே வைப்பதில் லாபம் இல்லை. தொடர் இணைப்பில் பலவீனமானதுதான் எல்லை வகுக்கும். இதே வகைப் பேக்கிலிருந்து, கொள்ளளவு அளந்து, கிட்டத்தட்ட அதே நிலையில் இருந்த இரண்டை எடுத்தோம். பிறகு 28-ஐயும் தனித்தனியாகச் சார்ஜ் செய்து இறக்கி ஏற்றினோம். சார்ஜ் ஏறும்போது மாட்யூல் உப்பும், அதனால் இரு பக்கமும் பலகை வைத்து இறுக்கி, மேலே விசிறி ஓட விட்டுத்தான் ஏற்ற வேண்டும். மொத்தத்தில் இதற்கே ஒரு வாரம். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கி, பக்க இணைப்பில் ஒரு நாள் விட்டோம், அளவுகள் சமமாகட்டும் என்று. வோல்ட் வித்தியாசம் அதிகம் இருக்கும்போது இப்படி இணைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் பாயும்; முதலில் சார்ஜரால் அருகருகே கொண்டுவந்த பிறகே செய்யலாம். லித்தியம் பேக்குக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது.

திரும்ப மாட்டுதல்

பக்க இணைப்புக்காக ஒரே திசையில் அடுக்கியது பிறகு எங்களையே கடித்தது. மறுபடி பேக்குக்குள் வைக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைக்க வேண்டும். பையன்தான் வைத்தான், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பேனாவால் எண் போட்டிருந்தோம், பார்க்க எல்லாம் ஒழுங்கு. முதல் பக்கச் சட்டத்தை மாட்டினோம். மறு பக்கத்துக்குப் போவதற்கு முன் ஜோடி ஜோடியாக அளப்பது என் வழக்கம்.

15.9. 15.9. 15.8. 15.9. இப்படியே போய், ஏழாவது ஜோடியில் 0.03.

பையன் மீட்டரைத் தட்டினான். மீட்டரில் கோளாறு இல்லை. ஒதுக்கிய 14-க்குப் பதிலாக வந்த மாட்யூல் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. ஒன்றின் எட்டு வோல்ட்டை இன்னொன்றின் எட்டு வோல்ட் அப்படியே விழுங்கிவிட்டது. புதிதாக வந்த இரண்டில் இந்த ஒன்றில் மட்டும் எண்ணைத் தவறான பக்கம் எழுதியிருந்தோம். கவனிக்காமல் மறு சட்டத்தை மாட்டி வண்டியை ஓட்டியிருந்தால் அந்த மாட்யூல் எதிர்த் திசையில் சார்ஜாகி, சூடேறி, வாயு கக்கியிருக்கும். "சாரி அண்ணே" என்றான். எண் எழுதியது நான்தான் என்பதை அவனிடம் சொன்னேன்.

அடுத்தது இறுக்கம். பஸ்பார் நட்டுக்கு 5.4 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கூடாது. கை அளவுக்கு இது மிகச் சொற்பம். பழக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் பிளாஸ்டிக்கில் பதிந்த முனை சுழன்றுவிடும், மாட்யூலே வீண். தளர்வாக விட்டால் மின்தடை ஏறிச் சூடாகும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த இடத்தில் கை வைக்கவே வேண்டாம். பச்சை பூத்த பஸ்பார்களை எல்லாம் மாற்றியிருந்தோம். இரண்டாவது பக்கத்தின் நட்டுகள் ஏற ஏற மின்னழுத்தமும் ஏறிக்கொண்டே போகும், எனவே கையுறை மறுபடி கைக்கு வந்தது, முதல் பக்கம் விரிப்புக்குள் போனது.

மூடுவதற்கு முன் எண்ணிக்கை. 28 மாட்யூலுக்கு 56 நட்டுகள். தட்டில் மிச்சம் இருக்கக்கூடாது, பேக்கில் குறையக்கூடாது. கருவிப் பெட்டியில் இருந்தவற்றையும் எண்ணினோம். வெப்ப உணரிகளை மாட்யூல்களின் அடியில் கிளிப்பில் உட்கார வைப்பதும், வாயு வெளியேறும் குழாயை ஒவ்வொரு மாட்யூல் முனையிலும் அழுத்தி மாட்டுவதும் எளிதில் மறந்துபோகும் வேலைகள். உணரி தொங்கினால் கணினிக்குப் பொய் வெப்பநிலை போகும். குழாய் கழன்றால் ஹைட்ரஜன் வண்டிக்குள் வரும்.

வண்டிக்குள் ஏற்றியதும் பெட்டியைப் பாடியோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் எர்த் இணைப்பையும் முதலில் முடித்தோம். பெயின்ட் படிந்த இடத்தைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் பட வைத்தோம். பிறகு கேபிள்கள், கனெக்டர்கள், சுத்தம் செய்த விசிறி, காற்றுக் குழாய். பாக்கெட்டிலிருந்து பிளக்கை எடுத்து மூன்று அசைவும் செய்தேன், மூன்றாவதை இரண்டு தடவை சரிபார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் 12 வோல்ட் நெகட்டிவ்.

முதல் தடவை பட்டனை அழுத்தும்போது யாரும் வண்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. ரெடி வந்தது. குறிகளை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம். முழுச் சுமையில் 14 பிளாக்குகளுக்கும் இடையே இருந்த அதிகபட்ச வித்தியாசம் 0.3 வோல்ட். இன்சுலேஷன் குறி எதுவும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லிப் பார்த்ததில் அந்த வித்தியாசம் 0.4 ஆகியிருந்தது. மற்ற 26 மாட்யூல்களும் அதே வயதுடையவை, அடுத்தது எப்போது விழும் என்று யாராலும் உறுதி தர முடியாது என்பதை உரிமையாளரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். துணிப் பையை மட்டும் பின் இருக்கைப் பக்கம் வைப்பதில்லை என்றார்.

ஒதுக்கி வைத்த கையுறை மேஜைக்கடியில் ஒரு வாரம் கிடந்தது. யாராவது எடுத்து மாட்டிவிடப் போகிறார்கள் என்று நினைவு வந்ததும், பையன் கத்தரிக்கோலை எடுத்து அதன் பத்து விரல்களையும் வெட்டிக் குப்பையில் போட்டான்.